சதய நட்சத்திரத்து ஃபூர்னியே

மாயக்காளுக்கு வெள்ளைக்காரர்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்வியும் ஒரே ஒரு சொல்தான்.

கம்பத்தைத் தாண்டிச் சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். சுருளிராஜனின் தோட்டம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. முன்பெல்லாம் பழத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் தோட்டத்து வேலை முடிந்தது. பிறகு கேரளாவிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கியவர்கள், தலைக்கு மேல் தொங்கும் கொத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். சுருளிராஜன் பார்த்தார். வாசலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மிக்ஸி வாங்கி வைத்து, பன்னீர் திராட்சை ஜூஸ், ஜாம், நாற்று என்று கடை திறந்துவிட்டார். பந்தலுக்குள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த மாயக்காளைக் கூப்பிட்டு, "நீ இனிமே இங்கன நில்லு. ஒனக்குக் கையும் சுத்தம், வாயும் சுத்தம்" என்றார்.

வாய் சுத்தம் என்று அவர் சொன்னது அவள் பேச மாட்டாள் என்பதைத்தான். மாயக்காள் பார்ப்பாள். எந்தப் பிள்ளைக்கு மலையில் வாந்தி வந்திருக்கிறது, எந்தப் புருஷன் பொண்டாட்டி வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் டம்ளரை நீட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவள், மார்கழி, தை மாதங்களில் மதுரையிலிருந்து தேக்கடிக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். கையை இரண்டு முறை கழுவுவாள். முந்தானையை இழுத்துச் செருகுவாள். கூட்டிக்கொண்டு வந்த டிரைவரிடம், "எந்த தேசத்துக்காரவுக?" என்று கேட்பாள். பிரான்ஸ் என்று பதில் வந்தால் ஜூஸை அவளே கொண்டுபோய் நீட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்து, மெதுவாக அந்தச் சொல்லைச் சொல்வாள்.

"ஃபூர்னியே?"

அவர்கள் சிரிப்பார்கள். தலையை ஆட்டி "நோ, நோ" என்பார்கள். சிலர் தங்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாயக்காள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். இவர்களுக்கும் அவரைத் தெரியவில்லை.

பந்தலுக்குள் பழம் வெட்டும் அன்னத்தாய்க்கு இது நல்ல வேடிக்கை. ரோட்டில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தால் போதும், அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

"ஏ மாயக்கா! ஒன் பூர்னியே வந்திருக்காருடி, மாலையும் கையுமா!"

"போடி, வேலையப் பாரு."

"யாருடி அவரு? கட்டுன புருசன் வேல்பாண்டி அண்ணனுக்குத் தெரியுமா?"

வேல்பாண்டிக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். தோட்டங்களுக்கு உரமும் கூடையும் ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறார். கல்யாணமான முதல் வருஷமே மாயக்காள் அவரிடம் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டு அவர், "அப்ப எனக்கு ரெண்டு மாமனாரு. ஒருத்தரு அனுமந்தன்பட்டியில, ஒருத்தரு வெளிநாட்டுல" என்றார். அன்றிலிருந்து ஃபூர்னியே அந்த வீட்டில் மாமனார்தான்.

*

மாயக்காளின் அப்பா நல்லகண்ணு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். அனுமந்தன்பட்டியில் அவர்களைக் கொடிக்கால் வீடு என்றுதான் சொல்வார்கள். மாயக்காள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவள் அம்மா கஸ்தூரியம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டுவிட்டு, மறுநாள் விடியுமுன் கண்ணை மூடிவிட்டாள். அத்தோடு மாயக்காளின் பள்ளிக்கூடம் நின்றது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஆட்டுப்பாலில் தண்ணீர் விளாவி, துணித் திரியை நனைத்து வாயில் வைப்பாள். பிள்ளை திரியைச் சப்பிக்கொண்டே அவளுடைய சடை நுனியைப் பிடித்துக்கொள்ளும். தூங்கின பிறகும் விடாது. விடுவித்தால் விழித்துக்கொள்ளும் என்று மாயக்காள் குனிந்த வாக்கிலேயே உட்கார்ந்திருப்பாள். கழுத்து இற்றுப்போகும். அந்த வலி இப்போதும் சில நாள் கழுத்தில் வரும். வந்தால் அவள் தைலம் தேய்க்க மாட்டாள்.

சொந்தக்காரர்கள் ஜோசியரிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கும்ப ராசி, சதய நட்சத்திரம், தாய்க்கு ஆகாத நேரம் என்று சொல்லி அனுப்பினாராம். தாயை முழுங்கிவிட்டு வந்த பிள்ளைக்குப் பேர் வைக்க யாரும் முன்வரவில்லை. அத்தை முறையானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் "பாப்பா" என்றார்கள். கடைசியில் ஊசி போட ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரியம்மா, மதுரைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது, அங்கே தாய்ப்பால் இல்லாத பிள்ளைகளை வளர்த்துவிடுவார்கள் என்றார். பிள்ளை மெலிந்துகொண்டே வந்தது. நல்லகண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனது மாயக்காள்தான். அங்கே போய்ப் பிள்ளையைக் கொடுக்கும்போது சடை நுனியை விடுவித்ததும் அவள்தான்.

அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, பிள்ளை தேறியிருக்கும், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று அப்பாவும் மகளும் புது கவுன் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். இல்லத்து வாசலில் ஒரு கன்னியாஸ்திரி அவர்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளை இங்க இல்லையே. பிரான்ஸ் தேசத்துல குடுத்திருக்கு. நல்ல மனுஷங்க. ஃபூர்னியேன்னு பேரு. ராணி மாதிரி வளர்ப்பாங்க, கவலைப்படாதீங்க."

நல்லகண்ணு மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பிள்ளையை விட்ட அன்று காகிதத்தில் கைநாட்டு வைத்தது அவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டியில் நின்றது. வடை வாங்கி நீட்டினார். மாயக்காள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். வாயைத் திறந்தால் அந்தப் பேர் விழுந்துவிடும் என்று பயம். ஃபூர்னியே, ஃபூர்னியே என்று உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, தேனி தாண்டி, ஊர்வரைக்கும் அதைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தாள்.

அந்தப் பேரை அவள் ஒரு மனிதராகத்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? ந. மாயக்காள் என்றால் நல்லகண்ணு மகள். கல்யாணத்துக்குப் பிறகு வே. மாயக்காள், வேல்பாண்டி மனைவி. நம் ஊரில் ஒரு ஆளுக்கு முன்னால் நிற்கிற எழுத்து ஒரு மனிதருடையது. அவருக்கு முன்னால் இன்னொரு எழுத்து நிற்கும், அது அவர் அப்பாவுடையது. ஆக, ஃபூர்னியே என்பவர் தங்கச்சியை எடுத்து வளர்த்த அப்பா. பிரான்ஸ் தேசத்தில் அந்தப் பேரில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் தங்கச்சியைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவருக்கு ஒரு முகமும் கொடுத்தாள். ஊர்ச் சர்ச்சில் மாட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் படத்திலிருந்து தாடியை எடுத்து அவருக்கு வைத்தாள். பால் வேண்டுமே என்று இரண்டு மாடு வாங்கிக் கொடுத்தாள். பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிறாரா என்று அவரோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டாள். தங்கச்சி வயசுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்ட வருஷம், அதை அவர் எப்படிச் சமாளித்தாரோ என்று பாவமாக இருந்தது. நல்லகண்ணு இறந்த அன்று, தங்கச்சிக்கு இன்னும் ஒரு அப்பா மிச்சம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தேறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

அவளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஃபூர்னியேக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எண்பதுகூட இருக்கலாம். கடைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு இந்த அவசரம் பிடித்தது. வருகிற பிரான்ஸ்காரர்களில் ஒருவருக்காவது அவரைத் தெரிந்திருக்காதா? அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் அத்தோடு நூல் அறுந்துபோகும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

*

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு அவள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்விடுவாள். தனக்காக இல்லை. தங்கச்சி எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பது ஒன்றும் தெரியாவிட்டாலும், சனி பகவான் அவளை என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மாயக்காளுக்குத் துல்லியமாகத் தெரியும். கும்ப ராசிக்கு ஏழரை நடக்கிறது. அதிலும் இப்போது ஜென்மச் சனி. எள் விளக்குப் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அர்ச்சனைச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பாள்.

முதல் தடவை குருக்கள் கேட்டார். "பேரு, ராசி, நட்சத்திரம்?"

"கும்பம், சதயம்."

"பேரு?"

"பேரு வைக்கல சாமி."

"கொழந்தைக்கு எத்தனை மாசம்?"

"நாப்பது வயசு இருக்கும்."

குருக்கள் தட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாயக்காளுக்குக் காது மடல் சுட்டது. "சரி, சாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று குருக்கள் உள்ளே திரும்பினார். நட்சத்திரத்தைச் சொன்னார், ராசியைச் சொன்னார், பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். இருட்டில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் கால் தடுமாறுமே, அந்த நிறுத்தம் அவளுக்கு அப்படி இருக்கும்.

வேல்பாண்டி ஒருமுறை சொன்னார். "நீயே ஒரு பேரு வச்சுச் சொல்ல வேண்டியதுதானே? ஒங்கம்மா பேரச் சொல்லு."

"நான் ஒரு பேரச் சொல்லி, அங்கன அவளுக்கு வேற பேரு இருந்தா? அர்ச்சனை வேற யாருக்காவது போயிரும்."



*

தை பிறந்து பத்து நாள் போல ஆகியிருக்கும். பந்தலில் கொத்துகள் கருத்துத் தொங்கின. குமுளி இம்மானுவேலின் கார் வந்து நின்றது. இம்மானுவேல் மலைக்கு மேலே தங்கும் விடுதிகளுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற டிரைவர். தமிழையும் மலையாளத்தையும் இங்கிலீஷையும் ஒரே மூச்சில் பேசுவான். காரிலிருந்து வயதான ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாளுக்குத் தலைமுடி ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது. முழுக்க வெள்ளை. அவள் புருஷன் நேராகப் பந்தலுக்குப் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

"சேச்சி, ரெண்டு ஜூஸ். ஐஸ் வேண்டா" என்றான் இம்மானுவேல்.

"எந்த தேசம்?"

"பிரான்ஸ் ஆணு. கேளுங்க, கேளுங்க. ஒங்க கேள்வி எனக்கே மனப்பாடம்."

உள்ளேயிருந்து அன்னத்தாய் குரல் கொடுத்தாள். "ஏ மாயக்கா, மாலையக் காணோமேடி! மறந்துட்டு வந்துட்டாரோ?"

மாயக்காள் கையைக் கழுவினாள். டம்ளரை நீட்டினாள். "ஃபூர்னியே?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நோ" என்று சொல்லிவிட்டு மாயக்காளையே உற்றுப் பார்த்தாள். பிறகு இம்மானுவேலிடம் திரும்பி ஏதோ கேட்டாள்.

"சேச்சி, எந்த ஃபூர்னியேன்னு கேக்குறாக."

"எந்தன்னா? ஃபூர்னியே. அவருதான்."

இம்மானுவேல் அதைச் சொன்னான். அந்த அம்மாள் விரலை மடக்கி மடக்கிப் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டே சிரித்தான்.

"அவுக ஊரு மருந்துக்கடைக்காரரு ஒரு ஃபூர்னியேயாம். அவுகளுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த டீச்சரு ஒரு ஃபூர்னியே. கூடப் படிச்ச பிள்ளைகள்ல ரெண்டு ஃபூர்னியே. தெருவுல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு ஃபூர்னியே மேலதான் விழுமாம் சேச்சி. பல்லாயிரம் பேரு. கனடாவுலயும் எக்கச்சக்கமாம்."

மாயக்காளுக்குப் புரியவில்லை. "எல்லாருக்கும் ஒரே பேரு எப்படி வைப்பாக?"

அந்த அம்மாள் செல்போனை எடுத்து எதையோ தேடி, ஒரு படத்தைக் காட்டினாள். அவளுடைய தேசமாம். ஐந்து முனையாக விரிந்த திராட்சை இலை மாதிரிதான் மாயக்காளுக்குத் தெரிந்தது. இலை முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். நோய் விழுந்த இலையில் புள்ளி விழுமே, அந்த மாதிரி நடுவிலும் ஓரத்திலும் நரம்பு நெடுகிலும் புள்ளி. ஒவ்வொரு பொட்டிலும் ஃபூர்னியேக்கள் இருக்கிறார்களாம்.

இம்மானுவேல் கேட்டுக் கேட்டுச் சொன்னான். முன் காலத்தில் அங்கே ஊருக்கு ஒரு ரொட்டி அடுப்பு இருக்குமாம். வீட்டில் சுட முடியாது. எல்லோரும் மாவைப் பிசைந்து அங்கேதான் கொண்டுபோக வேண்டும். அந்த அடுப்பைக் காக்கிற ஆளுக்குப் பேர்தான் ஃபூர்னியே. "ஊருக்கு ஒரு அடுப்பு, அடுப்புக்கு ஒரு ஆளு. அடுப்பு போயிருச்சு, பேரு நின்னுருச்சு. அவன் மக்க, மக்களோட மக்க, எல்லாருக்கும் அதான் பேரு. ஆம்பள பொம்பள எல்லாம்."

"எங்களக் கொடிக்கால் வீடுன்னு சொல்ற மாதிரியா?"

"அதே. ஆனா நாம வாயில சொல்றத அவுக பேரோட சேத்து எழுதிருவாக."

மாயக்காள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். தாடி வைத்த அந்த மனிதர், இரண்டு மாடு வைத்திருந்தவர், இவ்வளவு வருஷமாக அவளோடு சண்டை போட்டவர், அவள் கண் முன்னாலேயே கலைந்து, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டாக அந்த இலை முழுக்கச் சிதறிப்போனார். இனிமேல் யாரைப் போய்க் கேட்பது?

"என்ன சேச்சி? எதுக்கு இந்த ஃபூர்னியே? பணம் ஏதாச்சும் தரணுமா?" இம்மானுவேல் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"என் தங்கச்சிய எடுத்து வளத்தவரு."

அவன் சிரிப்பு நின்றது. அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஆட்டுப்பால், திரி, சடை நுனி, புது கவுன், மோர். ஐந்தாறு வாக்கியம்தான். அன்னத்தாய் கூடையோடு வந்து தூணோரம் நின்றதை அவள் கவனிக்கவில்லை. இம்மானுவேல் மெதுவாக, சொல் தேடித் தேடி இங்கிலீஷில் சொன்னான். அந்த அம்மாளின் புருஷன் பந்தலிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கேட்டாள். இம்மானுவேல் திருப்பிச் சொன்னான்.

"தங்கச்சி பேரு என்னன்னு கேக்குறாக."

"பேரு வைக்கல. நாங்க வைக்கல. அங்கன என்ன வச்சாகளோ, தெரியாது."

அந்த அம்மாள் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். மாயக்காளின் கையைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்கே புரிந்துவிடும் என்பதுபோலச் சொன்னாள். இம்மானுவேல் இந்த முறை அவசரப்படவில்லை.

"பாதிப் பேரு ஒங்களுக்குத் தெரியுமேங்குறாக சேச்சி. ஃபூர்னியேதான் ஒங்க தங்கச்சி பேரு. எடுத்து வளத்த அன்னைக்கே அந்தப் பேரு பிள்ளைக்கும் வந்துரும். பள்ளிக்கூடத்துல டீச்சரு கூப்பிடுறது அந்தப் பேரச் சொல்லித்தான். ஆஸ்பத்திரியில நர்ஸ் கூப்பிடுறதும் அதான். கல்யாணம் ஆனா புருசன் பேரச் சேத்துக்குவாக, ஆனா பொறந்த வீட்டுப் பேரு எழுத்துல சாகுற வரைக்கும் இருக்குமாம். பின்னால இருந்து 'ஃபூர்னியே'ன்னு ஒருத்தரு கூப்பிட்டா, ஒங்க தங்கச்சி திரும்பிப் பாப்பாக."

தகரக் கூரையில் அணில் ஓடியது.

கண்டுபிடிக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை. இம்மானுவேல்தான் கேட்டான். தத்துக் கொடுத்த பழைய காகிதத்தையெல்லாம் அந்தப் பெண்ணே தேடி வந்தால்தான் காட்டுவார்கள் என்று நினைப்பதாக அந்த அம்மாள் சொன்னாள். அப்படித் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அவர்கள் செல்போனில் பார்க்கிற இடத்தில் போட்டு வைக்கிறேன் என்று மாயக்காளைப் பந்தலுக்கு அடியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். வேல்பாண்டியின் செல் நம்பரையும் இம்மானுவேல் சொல்லச் சொல்லப் பதிந்துகொண்டாள். "ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாதாம்" என்று இம்மானுவேல் இரண்டு முறை சொன்னான். படம் எடுக்கும்போது மாயக்காள் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது அது எலிவால் மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் போட்டுக்கொண்டாள்.

கார் கிளம்பிய பிறகு அன்னத்தாய் பக்கத்தில் வந்தாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த இத்தன நாளா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தக் கேலி பண்ணியிருப்பனாடி?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, கழுவாமல் கிடந்த டம்ளர்களையெல்லாம் அவளே கழுவி வைத்தாள்.

*

வேல்பாண்டியிடம் ராத்திரிச் சோறு போடும்போது சொன்னாள்.

"அப்ப மாமனாரு ஒருத்தரு இல்லையா? ஒரு தேசமே மாமனாரா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். "போன் வரும்னு நெனக்கிறியா?"

"தெரியல."

"வந்தா நான் என்ன பேசுறது? எனக்கு இங்கிலீஷும் வராது, அந்தப் பாஷையும் வராது."

"நீ ஒண்ணும் பேச வேணாம். ஃபூர்னியேன்னு சொல்லிட்டு எங்கிட்ட குடுத்துரு."

போன் வரவில்லை. தை முடிந்தது. வேல்பாண்டி டிராக்டர் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று போனைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓட்டினார். அவர் அதைச் சொல்லவில்லை. மாயக்காள்தான் பார்த்தாள்.

அவளுக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் அந்தப் பேரை அவள் ஒரு பூட்டின் சாவியாக வைத்திருந்தாள். அது பூட்டைத் திறக்கவில்லை. ஆனால் பந்தலுக்குள் கவாத்து வெட்டும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், உலை கொதிக்கும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பேர் இல்லை. ஆண்டிபட்டியில் வடை வேண்டாம் என்று தலையாட்டியபோதே தங்கச்சியின் பேர் அவள் வாயில்தான் இருந்திருக்கிறது. ஃபூர்னியே போய்விடுவாரோ என்ற பயமும் இப்போது இல்லை. ஒருவர் போனாலும் பேர் போகாது.

மாசி முதல் சனிக்கிழமை குச்சனூரில் கூட்டம் நெரிந்தது. எள் விளக்குப் புகை கண்ணைக் கரித்தது. வேல்பாண்டி காக்காய்க்கு வைக்க வேண்டிய சோற்றோடு வெளியே நின்றுகொண்டார். வரிசை நகர நகர மாயக்காளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பல்லாயிரம் ஃபூர்னியே இருக்கிறார்களே, அர்ச்சனை யாருக்குப் போகும்? சதயத்தில் பிறந்த ஃபூர்னியே எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மருந்துக்கடைக்காரரும் சதயமாக இருந்தால்? இருக்கட்டும், அவருக்கும் ஏழரைதானே நடக்கும், அவருக்கும் கொஞ்சம் போகட்டும் என்று முடிவுக்கு வந்தபோது அவள் முறை வந்துவிட்டது.

குருக்களுக்கு அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தட்டை வாங்கிக்கொண்டே, "கும்பம், சதயம். சாமி பேருக்குத்தானேம்மா?" என்று திரும்பப் போனார்.

"இல்ல சாமி. பேரு இருக்கு."

"அட, வச்சாச்சா?" அவர் சிரித்துக்கொண்டே நின்றார். "சொல்லும்மா."

"ஃபூர்னியே."

யாரோ மணியை அடித்தார்கள். குருக்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். "கேக்கலையே. நன்னா சத்தமாச் சொல்லும்மா."

மாயக்காளுக்குப் பின்னால் நூறு பேராவது நின்றார்கள். அவள் சின்ன வயசிலிருந்து எந்தக் கூட்டத்திலும் குரலை உயர்த்தியவள் இல்லை. கொடிக்காலுக்குள் எட்டப் போய்விட்ட ஆளைக் கூப்பிடும்போது அவள் அப்பா ஒரு குரல் எடுப்பார், வெற்றிலைக் கொடிகளுக்கு ஊடாகப் போய் அடுத்த வரப்பில் விழுகிற குரல். அந்தக் குரலை எடுத்தாள்.

"ஃபூர்னியே!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளியே சோற்றுருண்டையோடு நின்ற வேல்பாண்டி திரும்பிப் பார்த்தார். மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்காய்கள் ஒரு தரம் எழும்பி, வட்டம் போட்டு, மறுபடி உட்கார்ந்தன. குருக்கள் அந்தப் பேரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். சதயத்தைச் சொன்னார், கும்பத்தைச் சொன்னார். மாயக்காள் கண்ணை மூடாமல், அடுத்த சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.